பிட் ஃபர்னஸில் அடித் தட்டில் மட்டும் கேஸ் டெப்த் குறைகிறது: மண்ணெண்ணெய் கூட்டினால் சரியாகுமா?

வாளையார்_ஹார்டனிங்

வணக்கம். பாலக்காடு பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஜாப் வொர்க் ஹீட் ட்ரீட்மென்ட் பண்ற யூனிட். எஃகுப் பாகத்தின் மேல்பரப்பில் கார்பன் ஏத்திக் கடினமாக்குற கார்புரைசிங் வேலை. ஃபர்னஸ் மின்சார பிட் டைப், மேலேருந்து லோடு இறக்குற குழி உலை. ரிடார்ட் (லோடு வைக்கிற மூடிய உலோகப் பாத்திரம்) உள்விட்டம் 600 மி.மீ., ஆழம் 900 மி.மீ. மொத்தம் 60 கிலோவாட், மேல் ஜோன் 30, கீழ் ஜோன் 30, ஸ்டார் கனெக்‌ஷன். ரெண்டு ஜோனுக்கும் கன்ட்ரோலர் ஒண்ணுதான், தெர்மோகப்பிள் ரிடார்ட்டுக்கு வெளியே, மேல் ஜோன் பக்கம் இருக்கு. மூடியில ஃபேன். மெத்தனால் மணிக்கு 1 லிட்டர், கூடவே மண்ணெண்ணெய் சொட்டு. வாயுவின் கார்பனைக் கண்காணிக்கிற ஆக்சிஜன் புரோப் கிடையாது.

பாகம் 20எம்என்சிஆர்5 எஃகுப் பின், விட்டம் 32, நீளம் 110. மூணு தட்டு, நிக்க வச்சு அடுக்குறோம். பாகம் 250 கிலோ, கூடை ஃபிக்சர் எல்லாம் சேர்த்தா 330 கிலோ. டிராயிங்கில் எஃபெக்டிவ் கேஸ் டெப்த் (விக்கர்ஸ் கடினம் 550 எச்.வி. வரைக்குமான மேலோட்டின் ஆழம்) 0.8 முதல் 1.0 மி.மீ., மேல்பரப்பு ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 எச்.ஆர்.சி.

சைக்கிள்: 925 டிகிரியில் 4 மணி நேரம் (கார்பன் ஏத்துற பூஸ்ட் 3, அதை உள்ளே பரவவிடுற டிஃப்யூஷன் 1), 840க்கு இறக்கி அரை மணி, அப்புறம் எண்ணெயில் முக்கிச் சட்டுனு குளிர்விக்கிற குவென்ச். டேங்க் 2500 லிட்டர். 175 டிகிரியில் 2 மணி டெம்பரிங்.

இப்போ வர்ற ரிசல்ட்: மேல் தட்டு 0.86 மி.மீ., 60 முதல் 61. நடுத் தட்டு 0.77, 59. அடித் தட்டு 0.55, கடினம் 54 முதல் 57. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடிச்சதுக்கு அப்புறம்தான் இந்த வித்தியாசம். மெத்தனால் அதே சப்ளையர், சைக்கிளில் ஒரு மாற்றமும் இல்ல. ஷிஃப்டில் உள்ளவங்க மண்ணெண்ணெய் சொட்டைக் கூட்டலாம், இல்லாட்டி பூஸ்டை ஒரு மணி நேரம் நீட்டலாம்னு சொல்றாங்க. எது சரி?

பழைய_உலை

ரெண்டுமே வேண்டாம் தம்பி. முதல்ல ஏன்னு சொல்றேன்.

ஒரு மணி நேரம் நீட்டினால் என்ன கிடைக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளரும். 4 மணி 5 ஆனால் 1.12 மடங்கு. மேல் தட்டு 0.86ல இருந்து 0.96 ஆகும், அடித் தட்டு 0.55ல இருந்து 0.61. மேல அளவின் உச்சத்தைத் தொட்டாச்சு, கீழ இன்னும் ரிஜெக்ட். அதுக்கு மேல நீட்டினா மேல் தட்டும் போயிடும்.

மண்ணெண்ணெய் கூட்டினா இன்னும் மோசம். மேல் தட்டில் கார்பன் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கு, 60–61 வருது. அங்க இன்னும் கார்பனைத் திணிச்சா பரப்பில் கார்பைடு வலை கட்டும், தங்கிய ஆஸ்டினைட் (குவென்சில் கடினமா மாறாம நிக்கிற பகுதி) கூடும், கடினம் குறையக்கூடச் செய்யும். வாயுவால் ஏந்த முடியாத கார்பன் கரியா உதிரும். அது எங்க போய் உட்காரும்? கூடையோட அடித்தட்டு ஓட்டையில், ரிடார்ட் அடியில். ஏற்கெனவே பட்டினி கிடக்கிற இடத்துக்கு வாயு போற வழியையும் அடைச்சிடும்.

ஒரே ரிடார்ட், ஒரே வாயு, ஒரே நேரம். மேல நல்லா வந்து கீழ வரலைன்னா ரெசிபியில கை வைக்கக் கூடாது. மேலுக்கும் கீழுக்கும் எது வேறுபடுதுன்னு தேடணும். வேறுபடக்கூடியது ரெண்டுதான்: சூடு, இல்லாட்டி சுழற்சி. இந்த வரிசையிலேயே பாருங்க.

சூடு. உங்க தெர்மோகப்பிள் ரிடார்ட்டுக்கு வெளியே, அதுவும் மேல் ஜோனில். அது 925 காட்டினா ஹீட்டர் அறையில் அந்த ஒரு இடம் 925னு மட்டும்தான் அர்த்தம். அடித் தட்டின் நடுவில் இருக்கிற பின் எவ்வளவு சூட்டில் இருக்குன்னு அதுக்குத் தெரியாது. மூணு தெர்மோகப்பிள் எடுங்க, மினரல் இன்சுலேட்டட், 3 மி.மீ. ஷீத், கே டைப் போதும், புதுசா இருக்கணும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பின்னில் அச்சு வழியா 40 மி.மீ. ஆழத்துக்கு ஓட்டை போட்டு அதுக்குள்ள நுனியைச் சொருகுங்க. பின் தட்டின் நடுவில் நிக்கணும், ஓரத்தில் இல்ல. மூடியில் இருக்கிற போர்ட் வழியா வெளிய எடுத்து, ஃபைபர் கயிறு வச்சு அடைச்சுடுங்க. முழு லோடு வச்சுத்தான் பார்க்கணும். வெறும் ஃபர்னஸில் எடுத்த சர்வே வெறும் ஃபர்னஸுக்குத்தான் பொருந்தும். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை மூணு ரீடிங்கையும் எழுதுங்க.

ரெண்டு எண் வேணும். சூடு நிலைச்ச பிறகு மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் எவ்வளவு? மேல் தட்டு 920ஐத் தொட்டதுக்கு அப்புறம் அடித் தட்டு தன்னோட உச்சத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகுது? ரெண்டாவதைப் பல பேர் பார்க்கிறதே இல்ல. கன்ட்ரோலர் செட் பாயின்டைத் தொட்டதும் டைமர் ஓட ஆரம்பிச்சிடுது, அடித் தட்டு அப்போதான் 850ல நிக்கும்.

ஹாரிஸ் ஃபார்முலாவில் மொத்த கேஸ் டெப்த்: 925 டிகிரியில் 0.635ஐ மணியின் வர்க்கமூலத்தால் பெருக்கணும். 900 டிகிரியில் அந்த 0.635 வெறும் 0.533 ஆயிடும், 870ல 0.457. உங்க 4 மணிக்கு 925ல மொத்தம் 1.27 மி.மீ. வரணும். 550 எச்.வி. வரைக்குமான எஃபெக்டிவ் ஆழம் அதில் மூணில் ரெண்டு பங்கு, கொஞ்சம் கூட. மேல் தட்டின் 0.86 சரியாப் பொருந்துது. இப்போ அடித் தட்டு 25 டிகிரி குறைவு, முக்கால் மணி தாமதம்னு வச்சுக்குங்க. 0.533ஐ 3.25ன் வர்க்கமூலத்தால் பெருக்கினா 0.96. அதே விகிதத்தில் எஃபெக்டிவ் 0.64, 0.65. உங்க குறைவில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிடும். மீதி இருந்தா அது சுழற்சி.

சுழற்சி. மூடி ஃபேன் வாயுவை ஓரத்துக்குத் தள்ளும். ரிடார்ட் சுவருக்கும் உள் உருளைக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியா அது கீழ இறங்கி, கூடையின் அடியில் நுழைஞ்சு, பாகங்களுக்கு நடுவில் மேலே ஏறித் திரும்ப ஃபேனுக்கு வரணும். உள் உருளை நெளிஞ்சு ஒரு பக்கம் ரிடார்ட்டில் ஒட்டியிருக்கா, அதோட மேல் விளிம்பு உடைஞ்சிருக்கா பாருங்க. விளிம்பு உடைஞ்சா வாயு கீழ போகாம மேலயே சுத்தி வந்துடும். ஃபேன் சுத்துற திசையையும் பாருங்க. மழைக்காலத்தில் கே.எஸ்.இ.பி. (கேரள மின் வாரியம்) லைன் வேலையோ, மோட்டார் ரீவைண்டிங்கோ நடந்து பேஸ் மாறியிருந்தா ஃபேன் தலைகீழாச் சுத்தும். நேரான ஆரக் கத்தி இருக்கிற ஃபேனுக்கு அதனால பாதிப்பு இல்ல. வளைஞ்ச கத்தின்னா காற்று ஓரத்துக்குத்தான் போகும், ஆனா பலம் செத்துடும். சத்தத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. பெல்ட் டிரைவ்னா பெல்ட் வழுக்குதான்னும் பாருங்க.

கூடை அடித்தட்டு ஓட்டையில் கரி அடைச்சிருந்தா கம்பியால் குத்தி எடுங்க. பின்னுக்குப் பின் 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அடித் தட்டில் மட்டும் நெருக்கி அடுக்குற பழக்கம் எல்லா ஷாப்பிலும் உண்டு.

மின்_பராமரிப்பு

மேலே சொன்ன சர்வேக்கு லோடு ஏத்துறதுக்கு முன்னாடி, 5 நிமிஷ வேலை ஒண்ணு இருக்கு. கிளாம்ப் மீட்டரை எடுத்து, கீழ் ஜோன் காண்டாக்டர் ஆன்ல இருக்கும்போது மூணு பேஸையும் தனித்தனியா அளங்க.

30 கிலோவாட், 415 வோல்ட், மூணு பேஸ். சரியா இருந்தா ஒவ்வொண்ணிலும் 41, 42 ஆம்பியர் வரணும். ஸ்டார் கனெக்‌ஷனில், நியூட்ரல் இல்லாம, ஒரு எலிமென்ட் அறுந்தா என்ன ஆகும் தெரியுங்களா? ஒரு பேஸில் சுழியம், மற்ற ரெண்டிலும் சுமார் 36. பேனலில் இருக்கிற இண்டிகேட்டர் விளக்கு எரியும், காண்டாக்டர் இழுக்கும், ஃப்யூஸ் போகாது. ஆனா 30 கிலோவாட் 15 ஆயிடும். (டெல்டாவா இருந்தா ஒரு எலிமென்ட் போனால் மூணில் ஒரு பங்குதான் குறையும்.) உங்க கன்ட்ரோலர் மேல் ஜோனை மட்டும்தான் பார்க்குது, அதனால கீழ என்ன நடந்தாலும் அலாரம் வராது.

எலிமென்டே அறுந்துபோறது குறைவு. பெரும்பாலும் டெர்மினல்தான். உலைச் சுவரை விட்டு வெளியே வர்ற ராடுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவில் ஆக்சைடு படிஞ்சு, சூட்டில் லூசாகி, கருகிப்போயிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சாரல் பக்கவாட்டில் அடிக்கிற ஷெட்டில் அந்த டெர்மினல் பாக்ஸ் மூடி இல்லாம இருந்தா இன்னும் சீக்கிரம் போகும். பவரை ஐசோலேட் பண்ணி, பூட்டுப் போட்டு, ஆறவிட்டு, ஸ்ட்ராப்பைக் கழட்டி எமரி போட்டுத் தேய்ச்சு, ஸ்டெயின்லெஸ் போல்ட், ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்க. முதல் ஹீட்டிங் முடிஞ்சு ஆறினதும் இன்னொரு தடவை இறுக்கணும்.

வோல்டேஜையும் எழுதி வைங்க. சூடு வோல்டேஜின் வர்க்கத்தில் போகும். 415 இருக்க வேண்டிய இடத்தில் 370 வந்தா 60 கிலோவாட் 48க்கு வந்துடும். செட் பாயின்டைத் தொடும், ஆனா லேட்டாத் தொடும். பழைய_உலை அண்ணன் சொன்ன தாமதக் கணக்கு அங்கேயும் வரும்.

கோவை_கெமிக்கல்ஸ்

எனக்கென்னமோ மெத்தனால்தான் சந்தேகம். மழைக்காலத்தில் டிரம் வாயைத் திறந்து வச்சா ஈரத்தை இழுக்கும். தண்ணி கலந்த மெத்தனால் உள்ளே போனால் கார்பன் பொடென்ஷியல் (வாயு எஃகுக்குக் கொடுக்கக்கூடிய கார்பன் அளவு) சரியும். மழை ஆரம்பிச்சதும் பிரச்சனை வந்ததுன்னு அவரே சொல்றாரே.

பழைய_உலை

மெத்தனால் ஈரத்தை இழுக்கும், உண்மைதான். டிரம்மை மூடியே வைக்கணும், அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்க்கணும், 20 டிகிரியில் 0.79 இருக்கணும். ஆனா இந்தப் பிரச்சனைக்கு அது காரணம் இல்லை. தண்ணி கலந்திருந்தா மேல் தட்டும் சேர்ந்து சரியணும். மேல 0.86, 61 வந்துக்கிட்டு இருக்கு.

அளவும் சரியாத்தான் இருக்கு. 1 லிட்டர் மெத்தனால் உடைஞ்சா ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, ரெண்டு பங்கு ஹைட்ரஜன், மொத்தம் 1.66 கன மீட்டர் வாயு. உங்க ரிடார்ட் கொள்ளளவு கால் கன மீட்டர். மணிக்கு ஆறு தடவைக்கு மேல வாயு மாறுது, போதும். ஆனா சொட்டை எண்ணி நம்பாதீங்க. ஊசி வால்வின் நுனி, சூடு எல்லாத்தையும் பொறுத்துச் சொட்டின் அளவு மாறும். 100 மி.லி. அளவுக் குடுவையில் பிடிச்சு நேரம் பாருங்க.

எக்ஸாஸ்ட் பக்கம் யு டியூப் மனோமீட்டர் ஒண்ணு வைங்க, தண்ணி ஊத்தினதே போதும். 10 முதல் 25 மி.மீ. தண்ணி அழுத்தம் உள்ளே இருக்கணும். சொட்டு அதே அளவில் போயும் அழுத்தம் விழுந்தா எங்கயோ ஒழுகுது: மூடி சீல், ஃபேன் ஷாஃப்ட் சீல், இல்லாட்டி ரிடார்ட் வெல்டில் விரிசல். ஃபேன் பேரிங் தண்ணி ஜாக்கெட் உள்ள மூடின்னா அந்த ஜாக்கெட்டைக் கட்டாயம் அழுத்தம் கொடுத்துப் பாருங்க. அதில் இருந்து ஒரு கசிவு ரிடார்ட்டுக்குள்ள போனா கார்பனும் போகும், அதைவிட ஆபத்து வேற.

மண்ணெண்ணெய் பத்தி ஒரு வார்த்தை. அதில் இருக்கிற கந்தகம் நிக்கல் கலந்த ரிடார்ட்டையும் கூடையையும் மெல்ல அரிக்கும், கரியும் அதிகம். அசிட்டோனோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ விலை கூட, ஆனா சுத்தம். ரிடார்ட் மாத்துற செலவைப் பக்கத்தில் வச்சுப் பார்த்தா அது பெரிய விலை இல்ல.

லேப்_மேசை

கேஸ் டெப்த் குறைவதும் கடினம் குறைவதும் ஒரே காரணத்தால் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. முதலில் அந்த 54 முதல் 57 என்ற எண்ணையே சந்தேகிக்க வேண்டும்.

ராக்வெல் சி அளவில் 150 கிலோ சுமை இறங்குகிறது. 60 எச்.ஆர்.சி. அளவுக்கு நம்பகமான ரீடிங் வர அதே கடினத்தில் சுமார் 0.7 மி.மீ. ஆழமாவது அடியில் வேண்டும். உங்கள் அடித் தட்டில் எஃபெக்டிவ் ஆழமே 0.55. வைரக் கூம்பு மெல்லிய ஓட்டைத் தாண்டி மென்மையான உள்பகுதியையும் அழுத்துகிறது. அதனால் பரப்பு உண்மையில் 60 இருந்தாலும் மீட்டர் 56 காட்டலாம். இந்தப் பின்களை விக்கர்ஸ் 5 கிலோவில் அளக்கவும், இல்லையென்றால் சுமை குறைந்த ராக்வெல் 15என் அளவில். 60 எச்.ஆர்.சி. என்பது ஏறத்தாழ 700 எச்.வி.

அளக்கும் முன் பரப்பை 0.02, 0.03 மி.மீ. அளவுக்கு மெதுவாகத் தேய்த்தால் போதும். கிரைண்டரில் சூடேற்றி விடாதீர்கள். ஒரே பின்னில் சுற்றிலும் ஆறு இடத்தில், மேல் நுனி, நடு, கீழ் நுனி என்று அளந்து எண்களைத் தனித்தனியாக எழுதவும். சராசரி போட வேண்டாம், சராசரியில் விஷயம் மறைந்துவிடும்.

எல்லா இடத்திலும் 680 முதல் 720 வந்தால் பரப்பில் குறையில்லை, ஆழம் மட்டும்தான் பிரச்சனை. எல்லா இடத்திலும் ஒரே சீராக 620 வந்தால் கார்பன் போதவில்லை, அல்லது ஆஸ்டினைட் தங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க, ஒரு துண்டை உலர் பனிக்கட்டியும் அசிட்டோனும் கலந்த குளியலில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி அளக்கவும். கடினம் தெளிவாக ஏறினால் ஆஸ்டினைட், அசையாமல் நின்றால் கார்பன் குறைவு. மூன்றாவது சாத்தியம்: ஒரே பின்னில் ஓரிடத்தில் 700, ஒரு விரல் தள்ளி 550. அது குவென்ச். 3 சதவீத நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தோய்த்தால் மென்மையான திட்டுகள் கருத்துத் தெரியும்.

கேஸ் டெப்த்தை எச்.வி.1 சுமையில், 0.1 மி.மீ. இடைவெளியில், வெட்டுமுகத்தில் பரப்பிலிருந்து உள்ளே அளக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 18203 சொல்வது அதுதான். வெட்டிய முகத்தைக் கண்ணால் பார்த்துக் கறுப்பு வளையத்தை ஸ்கேலில் அளப்பது மொத்த ஆழத்துக்கு ஒரு தோராயம் மட்டுமே.

ஆக்சிஜன் புரோப் வாங்கும் வரை ஷிம் சோதனை செய்யலாம், செலவு குறைவு. 0.05 அல்லது 0.1 மி.மீ. குறைந்த கார்பன் எஃகுத் தகடு, அசிட்டோனில் கழுவி, 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில் எடை. ஃபர்னஸில் 925ல் அரை மணி நேரம் தொங்கவிட்டு, போர்ட் குழாயின் குளிர்ந்த பகுதியில் வாயுவுக்குள்ளேயே ஆறவிட்டு எடுக்க வேண்டும், காற்றில் ஆறினால் ஆக்சைடு எடை சேர்ந்துவிடும். கூடிய எடையை இறுதி எடையால் வகுத்து நூறால் பெருக்கி, தகட்டின் ஆரம்பக் கார்பனைக் கூட்டினால் கார்பன் பொடென்ஷியல். தகட்டில் கரி ஒட்டியிருந்தால் அந்த எண் செல்லாது. பூஸ்டில் 1.0 முதல் 1.1, டிஃப்யூஷன் முடிவில் 0.8 வந்தால் 20எம்என்சிஆர்5க்கு நல்லது.

பின்னால் புரோப் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். பல கருவிகள் கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடும். நேரடி மெத்தனாலில் அது 33 சதவீதம். அந்த செட்டிங்கை மாற்றாவிட்டால் உண்மையான கார்பன் கருவி காட்டுவதைவிட அதிகமாக இருக்கும், கரி கொட்டும்.

வாளையார்_ஹார்டனிங்

எல்லாருக்கும் நன்றிங்க. பார்த்ததை அப்படியே எழுதுறேன்.

கீழ் ஜோன் ஆம்பியர்: 36, 36, சுழியம். டெர்மினல் ஸ்ட்ராப் கருகியிருந்தது. அதைச் சரி பண்றதுக்கு முன்னாடி ஒரு சர்வே எடுத்தோம், முழு லோடில்: மேல் 927, நடு 916, அடி 893. மேல் தட்டு 920ஐத் தொட்டு 50 நிமிஷம் கழிச்சுத்தான் அடி 890க்கு வந்தது. ஸ்ட்ராப் மாத்தின பிறகு மூணு பேஸிலும் 41. மறு சர்வே: மேல் 926, நடு 924, அடி 917, தாமதம் 20 நிமிஷம். ஃபேன் திசை சரி. கூடை அடித்தட்டில் பாதிக்கு மேல ஓட்டை கரியால் அடைச்சிருந்தது, சுத்தம் பண்ணியாச்சு. மண்ணெண்ணெயைத் தொடவே இல்ல.

இப்போ கேஸ் டெப்த்: மேல் 0.87, நடு 0.86, அடி 0.81.

ஆனா கடினம் இன்னும் முழுசா வரலை. விக்கர்ஸ் 5 கிலோவில் அடித் தட்டுப் பின் ஒண்ணில் 705, 690, 560, 698, 540, 710. மேல் தட்டில் எல்லாம் 690க்கு மேல. நைட்டாலில் கறுப்புத் திட்டு தெரியுது.

லேப்_மேசை

அப்படியானால் குவென்ச் எண்ணெய்தான். எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் டேங்கின் அடியிலிருந்து எடுத்த மாதிரியில்.

பழைய_உலை

அடுத்த லோடை எண்ணெயில் இறக்காதீங்க. முதல்ல இதைப் படிங்க.

திட்டுத் திட்டா மென்மை, அதுவும் அடித் தட்டில் மட்டும். தண்ணி எண்ணெயைவிடக் கனம், டேங்க் அடியில் படுத்திருக்கும். கூடை அடியும் அங்கதான் போய் நிக்குது. எண்ணெயைக் கலக்குற அஜிடேட்டர் கிளப்பிவிட்ட தண்ணி சூடான பின்னைச் சுத்தி ஆவிப் படலமா ஒட்டிக்கும், அந்த இடம் மெதுவாக் குளிரும், கடினமான மார்டன்சைட் ஆகாது. அதே தண்ணி இன்னொரு இடத்தில் திடீர்னு குளிர்விச்சு விரிசலும் விடும். குவென்ச் எண்ணெயில் 0.1 சதவீதம் தண்ணியே தொல்லை. உங்க 2500 லிட்டருக்கு அது வெறும் 2.5 லிட்டர். கூரை ஒழுகல் ஒரு மழையில் அதைக் கொடுத்துடும்.

மென்மையைவிடப் பெரிய கவலை தீ. 330 கிலோ 840ல இருந்து இறங்கினா உங்க எண்ணெய் 35, 40 டிகிரி ஏறும். 60ல ஆரம்பிச்சா 100ஐ நெருங்கிடும். அடியில் தண்ணி இருந்தா அது கொதிச்சு நுரைச்சு எண்ணெயைத் தூக்கி வெளிய ஊத்தும், பக்கத்தில் சிவந்த கூடை இருக்கு. எண்ணெய் அளவும் கொஞ்சம் இறுக்கம்தான். கிலோவுக்கு 8 முதல் 10 லிட்டர்னு சொல்ற கணக்கில் கூடையையும் ஃபிக்சரையும் சேர்க்கணும். 330 கிலோவுக்கு உங்களுக்கு 7.6தான் வருது. லோடைக் கொஞ்சம் குறைங்க, ஆரம்ப சூட்டை 50ல வைங்க.

சோதனை சுலபம். டேங்க் அடி வால்வில் ஒரு கிளாஸ் எடுத்து, 150 டிகிரிக்கு மேல சூடான தகட்டில் சில சொட்டு விடுங்க. கண்ணாடி, கையுறை போட்டுக்கிட்டுச் செய்யுங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு. சரியான எண் வேணும்னா கோயமுத்தூர் லேப்பில் கார்ல் ஃபிஷர் சோதனைக்குக் கொடுங்க.

எடுக்கிற முறை: அஜிடேட்டரையும் பம்பையும் நிறுத்தி, எண்ணெயை 60, 65ல ஒரு முழு நாள் அசையாம விடுங்க. அடி வால்வைத் திறந்து, தண்ணியும் சேறும் வர்ற வரைக்கும் வடிச்சு, சுத்தமான எண்ணெய் வந்ததும் மூடுங்க. அப்புறம் அஜிடேட்டர் ஓட 80க்கு மெல்ல ஏத்தி, மிச்ச ஈரம் ஆவியாகிற வரை சில மணி நேரம் வைங்க. அடியில் தண்ணி நிக்கும்போதே ஹீட்டரைப் போட்டு 90, 100க்குத் தள்ளக் கூடாது. மறுபடி தகட்டில் சோதிங்க. சத்தம் வரலைன்னா சின்ன லோடு ஒண்ணு போட்டு, பின்னை அளந்து, அப்புறம் முழு லோடு.

தண்ணி எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்காம விட்டா திரும்ப வரும். கூரை, டேங்க் மூடி, தரைக்குழி டேங்க்னா பக்கத்து மண்ணில் ஊறுற தண்ணி. ஆயில் கூலர் தண்ணிக் குழாய் வகைன்னா அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். எண்ணெய்ப் பக்கம் அழுத்தம் எப்பவும் தண்ணிப் பக்கத்தைவிடக் கூட இருக்கணும். அப்போ குழாய் ஓட்டையானாலும் எண்ணெய் தண்ணிக்குப் போகுமே ஒழிய தண்ணி எண்ணெய்க்கு வராது. ராத்திரி பம்பை நிறுத்தும்போது தண்ணி வால்வையும் மூடுற பழக்கம் வேணும். எண்ணெய்ப் பம்ப் நின்னு, ஓவர்ஹெட் டேங்கில் இருந்து தண்ணி மட்டும் அழுத்திக்கிட்டு இருந்தா ஒரு ராத்திரியில் காரியம் முடிஞ்சுடும்.

மின்_பராமரிப்பு

ரெண்டு ஜோனுக்கும் தனித்தனி கன்ட்ரோலர், தனித்தனி தெர்மோகப்பிள் போட்டுடுங்க. ஒரு பி.ஐ.டி. கன்ட்ரோலர், ஒரு தெர்மோகப்பிள், கேபிள், பெரிய செலவே இல்ல. ஒவ்வொரு பேஸுக்கும் பேனல் முகப்பில் ஒரு அம்மீட்டர் இருந்தா சுழியம் காட்டுறது ஷிஃப்ட் மாறும்போதே கண்ணில் பட்டுடும். கேபிள் கே டைப் காம்பன்சேட்டிங் கேபிளா இருக்கணும், சாதா செம்பு ஒயர் இழுத்தா டெர்மினல் சூட்டுக்கு ஏத்த மாதிரி ரீடிங் தள்ளும். கே டைப்பை வாயுவுக்குள்ள ரொம்ப நாள் வச்சிருந்தா குரோமியம் அரிச்சு, உள்ளதைவிடக் குறைவாக் காட்டும், கன்ட்ரோலர் அதை நம்பி அதிகமாச் சூடேத்தும். ரிடார்ட்டுக்குள்ள வைக்கிறதுக்கு என் டைப் நல்லது.

பழைய_உலை

இன்னொண்ணு சேர்த்துக்கிறேன், மழைக்காலம்ங்கிறதால. கரண்ட் போனா ஃபர்னஸ் 750க்குக் கீழ இறங்குற நேரத்துக்குள்ள மெத்தனால் வால்வை மூடி, நைட்ரஜன் விட்டு உள்ளே இருக்கிற வாயுவைத் துரத்தணும். 750க்குக் கீழ வாயு தானாப் பத்திக்கும்னு நம்ப முடியாது. காற்று புகுந்து கலந்துட்டா வெடிக்கும். ரிடார்ட் கொள்ளளவின் அஞ்சு மடங்கு போதும், உங்களுக்கு 1.3 கன மீட்டர். 150 பார், 47 லிட்டர் சிலிண்டர் ஒண்ணில் 7 கன மீட்டர் இருக்கும். நிறைஞ்ச சிலிண்டர் ரெண்டு, ரெகுலேட்டர் மாட்டியபடியே, ஃபர்னஸ் பக்கத்தில் சங்கிலி போட்டு நிக்கட்டும். சொட்டு வால்வில் 750க்குக் கீழ தானா மூடுற சோலனாய்டு இன்டர்லாக் இல்லைன்னா அதை முதல்ல போடுங்க, கன்ட்ரோலர் ரெண்டாவது.

வாளையார்_ஹார்டனிங்

அடி வால்வு மாதிரி தகட்டில் பலமா வெடிச்சுதுங்க. குவென்சை நிறுத்தியாச்சு. கூலர் தண்ணிக் குழாய் வகைதான், ராத்திரி தண்ணி வால்வு திறந்தேதான் இருந்திருக்கு. குழாய்க் கட்டைக் கழட்டி 5 பாரில் சோதிக்கக் கொடுத்திருக்கு. கூலர் திரும்பி வர்ற வரைக்கும், எண்ணெயை வடிச்சுக் காயவச்ச பிறகு, 180 கிலோ லோடு மட்டும் போட்டு, ரெண்டு லோடுக்கு நடுவில் எண்ணெய் 50க்கு ஆறவிட்டு ஓட்டலாமா?

பழைய_உலை

ஓட்டலாம். 180 கிலோ பாகம், கூடையோடு 260ன்னு வச்சா எண்ணெய் 30 டிகிரி ஏறும், 50ல இருந்து 80. அது சரியான இடம். கூலர் இல்லாம 2500 லிட்டர் தானா ஆற நேரம் எடுக்கும், அவசரப்பட்டு 65ல அடுத்த லோடை இறக்க விடாதீங்க. டேங்கில் ஒரு தெர்மாமீட்டர் ஆபரேட்டர் கண்ணுக்கு நேரா இருக்கணும். கூலர் குழாய் ஒண்ணு ரெண்டுதான் ஓட்டைன்னா ரெண்டு முனையிலயும் பிளக் அடிச்சு ஓட்டலாம். பத்தில் ஒண்ணுக்கு மேல போனா குழாய்க் கட்டு முழுசையும் மாத்திடுங்க. ரிஜெக்ட் ஆன அடித் தட்டுப் பின்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஆழம் சரியா இருந்து திட்டு மட்டும் உள்ளதை, எண்ணெய் சுத்தமான பிறகு, அதே ஃபர்னஸில் 840ல, கார்பன் பொடென்ஷியல் 0.8 இருக்கிற வாயுவில் ஒரு மணி நேரம் வச்சு மறுபடி குவென்ச் பண்ணலாம். உருமாற்றம் கொஞ்சம் கூடும், அதனால கிரைண்டிங் அலவன்ஸ் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கஸ்டமர்கிட்ட கேட்டுட்டு ஏத்துங்க.